மோட்டாருக்கு உங்கள் எடை

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பேட்டரி முழுக்க சார்ஜ் ஆகிவிட்டது, சாவி ஆணியில்.

உங்கள் புது எலெக்ட்ரிக் சைக்கிளை நானே சரிபண்ணிவிட்டேன். போனில் இருக்கும் சைக்கிள் ஆப்பில் உங்கள் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டியும், எடையைப் பதினோரு கிலோ குறைத்தும் போட்டிருந்தீர்கள். அது சொன்னபடி சீட்டை ஏற்றிவைத்து, கால் எட்டாமல்தான் நேற்று முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு பேன்ட் தைக்கிறவள் நான். கால் அளவு என் நோட்டில் இருக்கிறது. சீட்டை அதற்கு இறக்கிவிட்டேன். எடையை டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் சைக்கிள் குரூப் மொத்தத்துக்கும் முன்னால், "இவ ஏறினா மோட்டார் அழுதுடும்" என்றீர்கள். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். மறக்கவில்லை.

பி.கு: ஆப்பில் எடையை மாற்றினால், பழையது, புதியது இரண்டும் குரூப்பில் எல்லாருக்கும் போகுமாம். அழுத்துவதற்கு முன்னாலேயே அது கேட்டது. "சரி" என்றுதான் அழுத்தினேன்.

இன்னொன்று: போன் உங்கள் தலைமாட்டில் இருக்கிறது, விடாமல் அடிக்கிறது. குரூப்பில் முதலில் உங்கள் தம்பிதான் கேட்டிருக்கிறார்: "அண்ணா, நீங்க இறங்கின பிறகாவது மோட்டார் அழுகைய நிறுத்திடுச்சா?"