லுட்மிலாவின் கோப்பையும் உன் மூக்குப்பேணியும்

லிட்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் மயூராவுக்கு,

நானும் என் இரண்டு முழங்காலும் ஓரளவு சுகம். ரீகாவின் குளிரில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்பதே முருகனிடம் நான் போட்டிருக்கும் முதல் விண்ணப்பம். லிட்கம் நகரின் முடிசூடா மன்னனும், தாய் தகப்பன் இல்லாத உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பனுமாகிய நான், ஒருவரும் நம்பமாட்டாத ஒரு கதையை இதில் சத்தியம் பண்ணி எழுதுகிறேன். நீயும் நம்பவேண்டாம்.

பக்கத்து பிளாட் லுட்மிலா அன்ரி செவ்வாய்க்கிழமை செத்துப்போனா. நீ வேலைக்கு லத்வியாவின் ரீகாவுக்குப் போகிறாய் என்று நான் சொன்ன அன்று, அது தான் பிறந்த ஊர் என்று படிக்கட்டிலேயே மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு அழுதாவே, அவதான். தன் சமையலறையை ரஷ்யப் பாஷையில் குக்னியா என்பா. அது எங்கள் குசினிதான், போர்த்துக்கேயப் பறங்கி யாழ்ப்பாணத்தில் இறக்கியதை ரஷ்யர் களவெடுத்துப் பனிக்கட்டியில் பிரட்டிவிட்டார்கள் என்று பத்து வருடம் வாதாடினேன். கடைசியில் ஓம், ஓம் என்று தமிழிலேயே தோற்றுப்போனா. அந்தக் குக்னியாவில் இருந்துதான் தன் ரஷ்யச் சனத்தின் கதையைச் சொன்னா. சிலர் முந்நூறு வருடத்துக்கு முன்னரே சமயச் சண்டைக்குப் பயந்து லத்வியாவுக்கு ஓடியவர்களாம். அவவின் தகப்பனைப் போன்றவர்கள் பெரிய யுத்தம் முடிந்தபின் சோவியத் அரசு ஆலை வேலைக்கென்று ரயிலில் கொண்டுவந்து இறக்கியவர்கள். பிறகு தொண்ணூற்றொன்றில் சோவியத் உடைந்தபோது, எல்லைக்கோடு முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடந்துவந்து அவர்கள் குசினி யன்னலுக்கு வெளியே குந்திவிட்டது. இரண்டரைக் கோடி ரஷ்யர் கதிரையை விட்டு எழும்பாமலே ஒவ்வொரு நாட்டிலும் வெளியாட்கள் ஆனார்கள். அவவின் தம்பி, பிறந்த ஊரில் இருக்க நான் ஏன் லத்விய பாஷைச் சோதினை எழுதவேண்டும் என்று முறுகிக்கொண்டு, குடிமகன் அல்லாதவர் என்று அச்சடித்த பாஸ்போர்ட்டோடு இன்னும் அங்கேதான் இருக்கிறாராம்.

ஆனால் அன்ரி அழுதது அதற்கில்லை. அரசு தகப்பனுக்குக் கொடுத்த வீட்டின் குசினி அலுமாரியில் ஆறு கோப்பைகள் இருந்தனவாம். கதவின் உட்பக்கத்தில் இல்சே என்ற பெயரும், ஒரு பிள்ளை வளர வளரக் கீறிய பென்சில் கோடுகளும். முதலில் அங்கே இருந்த லத்வியக் குடும்பத்தைச் சைபீரியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். கடையில் தங்கள் பாஷையைப் பேச லத்வியச் சனம் கூசியதை நான் கண்டனான், ஆனபடியால் எங்கள்மேல் அவர்களுக்குள்ள கோபத்தை நான் பிழை சொல்லமாட்டன் என்று அன்ரி சொன்னா. ஐந்து கோப்பைகள் உடைந்து ஒன்றுதான் மிச்சம். போன மாதம் அதை என் கையில் தந்து, மயூராவுக்கு அனுப்பு, இல்சேயின் ஆட்கள் யாரும் இருந்தால் தேடிக் கொடுக்கட்டும் என்றா. கூடவே, உன்னிடமும் இப்படி ஏதும் இருக்கோ ஜெயரட்ணம் என்று கேட்டா. வாழ்நாளில் முதல்தரம் எனக்குப் பொய் வரவில்லை. ஓம் என்றேன். பிள்ளைக்கு எழுது என்றா. எழுதிவிட்டேன் என்று அவவின் கட்டிலடியில் நின்று சொன்னேன். அதுவும் பொய்தான். இப்போதுதான் எழுதுகிறேன்.

கோப்பையைத் துணியில் சுற்றி அனுப்புகிறேன், கவனமாக அவிழ். அலுமாரி இருந்த தெருவின் பெயரும் உள்ளே இருக்கிறது. குளிருக்குள் தலைமுடி ஈரமாக வெளியே போகாதே. நீ ஆயுளோடும் சுகத்தோடும் இருக்கவேண்டும், மகளே.

உன் மேசையில் நீ வைத்திருக்கும், அண்ணாந்து குடிக்கும் அந்த மூக்குப்பேணி யாழ்ப்பாணத்துச் சங்கிலி ராசாவின் அரண்மனையில் இருந்து உன் அம்மாவுக்குச் சீதனமாக வந்தது என்று அளந்தேன் அல்லவா. அதில் வெட்டியிருக்கும் ‘ப’ பவளம் என்ற அவவின் பெயர் என்றும் சொன்னேன். இல்லை. தொண்ணூற்றாறில் யுத்தத்துக்குத் தப்பி வன்னியில் நாங்கள் ஓடிப்போய் ஏறிய ஆளில்லாத வீட்டுக் குசினியில் அது இருந்தது. அந்த ‘ப’ யாரென்று எனக்குத் தெரியாது, நான் தேடவுமில்லை. உனக்குக் கொடுக்க உன் அம்மாவின் பொருள் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை, பிள்ளை. சொன்னதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. காய்ச்சலோடு கிடந்த அண்ணி கடைசியாக வெறுந்தேத்தண்ணி குடித்தது அதில்தான். பாதி குடித்துவிட்டு, மீதியை ஆற்றி உனக்குப் பருக்கச் சொன்னா.

உன் சித்தப்பா,
ஜெயரட்ணம்