ஓசி இல்லை

இல்லை அப்பா, பட்டினி கிடக்கவில்லை. நீங்களும் அம்மாவும் சுகந்தானே? "சுகம் இல்லை, சுகர்தான்" என்பீர்கள், தெரியும்.

போன வாரம் வேலையில் லேசாகத் தலைசுற்றியது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், "உனக்கும் சுகர் எட்டிப் பாக்குதும்மா. மூணு வேளையும் பிஸ்கட்டா?" என்றார். நீங்கள்தான் "ஓசி வைத்தியம் நமக்கு வேண்டாம்" என்பீர்களே, பர்ஸைத் திறந்தேன். "உள்ள வைம்மா. உன் சம்பளத்துல மாசாமாசம் வரி பிடிக்கிறாங்களே, அது இதுக்குத்தான். ஓசின்னு யார் சொன்னா?"

முப்பது வருடம் வரி கட்டியவர் நீங்கள். ஒரு வருடமாக ரத்தப் பரிசோதனைக்கே போகவில்லையாமே? எனக்காக அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நில்லுங்கள், அப்பா.

ஒரே ஆளுக்கு எவ்வளவு கீரை ஆய வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. என் பரிசோதனைச் சீட்டையும் இதோடு மடித்து வைத்துவிட்டேன்.