முப்பது சாண் கலிங்கு

மழையும் நீதியும் பொய்க்காத முகில்வேலிப் பேரரசைத் தாங்கும் மாதேவி நல்லிறைவியார், தம் குடைநிழலில் ஆம்பற்றுறையை ஆளும் கடம்பராயருக்கு விடுக்கும் ஓலை. உமது கொற்றம் ஓங்குக; உமது ஏரிக்கரைக் குடிகள் வரும் மழைக்குப் பின்னும் உயிரோடு இருக்கக் கடவர்.

உமது ஊரில் பிறந்து இன்று நம் நீர்நிலைகளின் அதிகாரியாக இருக்கும் ஆதன்கோதையை நீர் மறந்திருக்கலாம். அவள் உம்மை மறக்கவில்லை. ஒன்பது வயதில் நீரால் நேரம் காட்டும் நாழிகை வட்டில் செய்து, உமது கோயில் மணி நேரம் தவறி ஒலிப்பதைக் காட்டியவள் அவள். பதினொரு வயதில் உமது பேரேரியின் மிகைவெள்ளம் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலிங்கு ஒன்றை ஓலையில் வரைந்து, உமது அவைக்குக் கொண்டுவந்தாள். அடுப்பு ஊதும் கைக்கு அளவு எதற்கு என்று பெருந்தச்சன் விடங்கன் கேட்டான். அவை சிரித்தது, நீரும் சிரித்தீர். ஓலையைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே தள்ளினார்கள். ஏழாண்டாக அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் எரிகிறது.

இன்று அந்தக் கலிங்கு விடங்கன் பெயர் பொறித்த கல்லோடு புதிதாக எழுந்து நிற்கிறது. சென்ற திங்கள் அதை அளந்த கோதை முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு கரையடிக் குடிகளைப் பார்த்து அழுதாள். அளவுகோலைப் பெண் தொடலாகாது என்பது உமது தச்சர் வழக்கம். ஆகவே அன்று அச்சிறுமி தன் சாண் நீளத்துக்கு மூங்கில் நறுக்கி, அதனால் அளந்து, முப்பது சாண் உயரம் என்று எழுதியிருந்தாள். விடங்கனோ தன் பெரிய முரட்டுக் கையால் முப்பது சாண் அளந்து கட்டிவிட்டான். கலிங்கு ஓர் ஆள் உயரம் கூடிப்போயிற்று. ஏரி நிரம்பினால் வெள்ளம் கலிங்கில் வழியாது. கரையைப் பிளந்துகொண்டு ஊருக்குள் இறங்கும்.

ஆதலால் ஐப்பசி பிறக்குமுன் விடங்கன் உளி பிடிக்க, கடம்பராயராகிய நீர் கல் சுமக்க, அந்த ஓர் ஆள் உயரமும் வெட்டி இறக்கப்படுக. கோதை கரைமேல் இருக்கையிட்டு அமர்ந்து அளவு சொல்வாள்.

விடங்கன் பெயரை அழித்து அவள் பெயரைப் பொறிக்கலாம் என்றோம், வேண்டாம் என்றாள். கலிங்கு கட்டியவன் முதல் மழைக்காலம் முழுதும் கரையடிக் குடிசையில் தங்க வேண்டும் என்பதும் உமது தச்சர் வழக்கமே என்று நினைவூட்டி, பெயர் அவருடையதாகவே இருக்கட்டும், குடிசையும் அவருடையதாகவே இருக்கட்டும் என்றாள். அவ்வாறே ஆகுக.

முகில் முத்திரை இட்டோம். ஓலையோடு வருவது கோதையின் அந்தச் சாண் மூங்கில். பெண் தொட்ட கோல் அது. அவையோர் காண, விடங்கன் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கடவன்.