கடைக்கு யார் பொறுப்பு

கொட்டகலை, 4 மார்ச் 1957

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் மறுபடி அதே பேச்சு. அப்பாவின் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஜார்க் கடையையும் அதன் பின்னாலிருக்கும் இந்த வீட்டையும் விற்றுவிட்டு இந்தியாவுக்குப் போய்விட வேண்டுமாம் சிவசாமி அண்ணனுக்கு. அப்பா உயில் எழுதவில்லை. கோர்ட் யாரைப் பொறுப்பாகப் போடுகிறதோ அவர் கையில்தான் எல்லாம். தன்னைப் போடச் சொல்லி அம்மா மனுக் கொடுத்திருக்கிறாள். விற்றுவிட்டால் நானும் அம்மாவும் எங்கே போவது?

"நீ டீச்சர்தானே, குவாட்டர்ஸ் கேளு" என்கிறான். ஆத்திரத்தில் சோறு அடிப்பிடித்துவிட்டது. எல்லாரும் அதையே தின்றோம்.

7 மார்ச்

யாரும் யாரோடும் பேசவில்லை. சட்டிதான் சத்தம் போட்டது. நான்தான் போட வைத்தேன்.

19 மார்ச்

நுவரெலியா கோர்ட். எழுதவே கை கூசுகிறது.

அம்மா அப்பாவின் சட்டப்படியான மனைவி இல்லை என்று அண்ணனின் வக்கீல் சொன்னார். அப்போது அவர்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லையாம். தொழிலாளர் லயங்களில் எவர் பதிந்தார்கள்? அந்தத் தோட்டத்துக் கல்யாணம் அத்தனையும் அப்படித்தான். அதனால் அம்மாவுக்கு உரிமை இல்லை, மூத்த மகனையே பொறுப்பாகப் போட வேண்டுமாம்.

பஸ் தலவாக்கலை தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். கேட்டாள்: "அது வக்கீலு பேச்சா, அவன் சொல்லிக் குடுத்ததா?"

"வக்கீலுதாம்மா" என்றேன். பொய்தான். வேறென்ன சொல்ல?

28 மார்ச்

அப்பாவின் தம்பி, சித்தப்பா மாயாண்டி, கோர்ட்டில் புது மனுப் போட்டுவிட்டார். அம்மா மனைவி இல்லையென்றால் பிள்ளைகளும் முறையான வாரிசு இல்லை, ஆகவே அப்பாவின் சொத்து முழுவதும் தம்பியான தனக்குத்தான் என்று. பாதை வெட்டிக் கொடுத்தது எங்கள் அண்ணன்தான்.

அண்ணன் வெளிறிப்போய் வந்து நின்றான். "நான் அம்மாவ மட்டுந்தானே சொன்னேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த மடையனோடுதானா நான் கூடப் பிறந்தேன்?

1 ஏப்ரல்

அண்ணன் தன் மனுவை வாபஸ் வாங்கிவிட்டான். ஆனால் சித்தப்பா விடமாட்டார். கல்யாணம் நடந்ததை நாங்கள் நிரூபிக்க வேண்டும். தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி இல்லை, தாத்தா இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிச்சம் சித்தப்பா ஒருவர்தான். அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

தூக்கம் இல்லை. வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன்.

9 ஏப்ரல்

அம்மா கூண்டில் ஏறினாள். தாலி கட்டியதைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று சித்தப்பாவின் வக்கீல் கேட்டார்.

"கட்டுனத பாத்த மத்தவங்க செத்துட்டாங்கய்யா" என்றாள் அம்மா. "கருமாதி அன்னைக்கு அத அறுத்தத பாத்தவரு இந்தா உக்காந்திருக்காரு. பங்காளின்னு முன்னால நின்னாரு. அப்ப ஒரு வார்த்த சொல்லல."

நீதிபதி சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றச் சொன்னார். அன்றைக்கு நின்றீர்களா என்று கேட்டார். அவர் எங்களைப் பார்த்தார், மேல்துண்டைச் சரிசெய்தார். கடைசியில், "நின்னேங்க" என்றார்.

தாலி அறுத்தபோது முன்னால் நின்றவர் தாலி கட்டியதை மறுக்க முடியாது என்றார் நீதிபதி. பொறுப்பு அம்மாவுக்கே. கடை விற்கப்படாது. வெளியே வந்ததும் அண்ணன் அம்மாவின் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

26 மே

வட்டவளையிலிருந்து வீரய்யா வாத்தியாரும் அவர் வீட்டாரும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கும் சம்மதம்தான். சீர்வரிசைப் பேச்சை அவர்கள் எடுக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள்: "எங்களுக்கு ஒன்னே ஒன்னுதாங்க. மொதல்ல பதிவு. கோயிலும் தாலியும் அதுக்கப்பறம்."

17 ஜூன்

இன்று பதிவு. நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம். பெண் வீட்டுச் சாட்சி யார் என்று பதிவாளர் கேட்டார். நான் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்தேன்.

"அவன் போடட்டும்" என்றாள் அம்மா.

சுவரோரம் நின்ற அண்ணன் வந்து உட்கார்ந்தான். கந்தப்பன் சிவசாமி என்று அப்பா பேரோடு முழுசாக எழுதினான். எழுதிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மை காயும்வரை அம்மா அவன் பின்னாலேயே நின்றிருந்தாள்.