பச்சை இல்லத்தில் யார் சொன்னது?

ஜூலை 2, புதன்

பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் நான்கு இல்லங்களில், என் பொறுப்பிலுள்ள பச்சை இல்லத்துக்கு இந்த வருடம் அறுபத்தொரு பிள்ளைகள். விளையாட்டில் தோற்றால் தோற்கட்டும். யார் சாப்பிடாமல் வருகிறார்கள், யார் அழுதுவிட்டு வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் பொறுப்பாசிரியரின் வேலை. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். கோப்பையை மற்ற மூன்று நிறங்களும் மாறி மாறி வாங்கிக்கொள்கின்றன.

இன்று இல்ல நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் சுருட்டை போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு, தலைமுடியால் வந்த பெயர். ‘ப்ரசென்ட் மிஸ்’ தவிர அவள் வாயிலிருந்து நான் எதுவும் கேட்டதில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

“எங்கப்பா வெளிநாட்டுல இல்ல மிஸ். ஜெயில்ல இருக்காரு. எட்டு மாசமாச்சு. யாருக்கும் தெரியக் கூடாது.”

“என்னைத் தாண்டிப் போகாதும்மா” என்றேன்.

இல்லக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி, ஆசிரியர் அறை டிராயரில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்கு வந்தும் மனசு கனத்தே கிடந்தது. அக்காவிடம் போனில் பேசிய பிறகுதான் கொஞ்சம் இறங்கியது.

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர்க் குழாய் அருகே எவளோ சுருட்டையிடம் கேட்டிருக்கிறாள்: “உங்கப்பாவுக்கு எப்போ லீவு தருவாங்க?” சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவள் மேசையில் காம்பஸ் முனையால் கம்பிக் கட்டம் ஒன்று கீறியிருந்தது.

வேதியியல் வகுப்பில் என்னை நிமிர்ந்து ஒரே ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை.

யார்?

ஜூலை 9, புதன்

டிராயர் சாவி மூன்று பேரிடம் போய்வரும். ஒன்று நான். இரண்டு, சிவப்பு இல்லத்துக் கணக்கு சார் — மேசை இருவருக்கும் பொது. மூன்று, வருகைப் பதிவேடு எடுக்க வரும் எங்கள் இல்லத் தலைவி, பன்னிரண்டாம் வகுப்பு.

கணக்கு சார் இன்று டீ குடித்துக்கொண்டே, “என்ன மேடம், முகம் சரியில்ல?” என்று கேட்டார். அவருக்கு எதற்கு என் முகம்?

தலைவி நான் உள்ளே போனதும் டிராயரைப் படக்கென்று மூடினாள். சாதாரணமாக மூடினாளா, படக்கென்று மூடினாளா? படக்கென்றுதான்.

ஜூலை 11, வெள்ளி

சுருட்டை வரவில்லை. நேற்றும் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்றும் இல்லை. போனில் அவள் அம்மா, “இனிமே வரமாட்டா, விட்டுடுங்க” என்று வைத்துவிட்டார்.

தலைமை ஆசிரியையிடம் போய்த் தலைவியின் பெயரைச் சொன்னேன். உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். வேறு யாரும் இருக்க முடியாது என்றேன். அங்கேயே அவளைக் கூப்பிட்டு பேட்ஜைக் கழற்றச் சொன்னார்.

“நான் அந்த நோட்டைத் தொட்டதே இல்ல மிஸ்” என்றாள். அழவில்லை. “தொட்டிருந்தா என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னுதானே முதல்ல பார்த்திருப்பேன்?”

திமிர் என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

கணக்கு சார் அவளுக்காகப் பரிந்து பேசினார். “அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாது மேடம். அவசரப்பட்டுட்டீங்க.” இவ்வளவு அக்கறை ஏன்? தன்மேல் வந்துவிடக் கூடாது என்றா?

ஒரு வலை வைத்திருக்கிறேன். ‘வரும் திங்கள், பச்சை இல்லத்தில் எல்லோர் பையையும் திடீரென்று சோதிக்க வேண்டும்’ என்று குறிப்பேட்டில் எழுதி, டிராயரைப் பூட்டாமல் விட்டுவிட்டு வந்தேன். படிக்கிறவர் படிக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆறாம் வகுப்பு வாலுவின் அம்மா பேசினார். பையனைச் சுற்றுலாவுக்கு அனுப்பப் பயமாம். இன்னும் படுக்கையை நனைக்கிறான். கேலி செய்துவிடுவார்கள் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. அந்த நோட்டை இனி நம்பமாட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பைகளைச் சோதித்தேன். யாராவது படித்திருந்தால் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்திருக்க வேண்டும். மூன்று செல்போன், ஒரு லிப்ஸ்டிக், பாதி தின்ற கேக், கணக்கு சாரைக் கழுதையாக வரைந்த ஒரு நோட்டு. ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் படிக்கவில்லை.

அப்படியானால் தலைவி —

சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பெண்கள் வாலுவை மறித்து, “குடை கொண்டுவந்தியா தம்பி? ராத்திரி மழையாமே?” என்றார்கள். அவன் காது மடல் வரை சிவந்துபோய் ஓடினான்.

எழுதாத ஒன்று எப்படி வெளியே போயிற்று? நான் யாரிடமும் சொல்லவில்லையே. அக்காவைத் தவிர. அவள் இருப்பது வேறு ஊரில், இந்தப் பள்ளியில் அவளுக்கு ஓர் ஆளைக்கூடத் தெரியாது. காய் நறுக்கிக்கொண்டே பேசினேன். கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்து மேசையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு பெண்களும் மஞ்சள் இல்லம். எட்டாம் வகுப்பு.

என் மகளும்தான்.

ஐயோ.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளி விட்டு வந்ததும் கேட்டேன். ஷூவைக்கூட அவள் கழற்றவில்லை.

“ஒருத்திகிட்டதாம்மா சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்.”

“அடுத்தவங்க வீட்டு விஷயத்தை ஏன்டி சொன்னே?”

“நீ பெரியம்மாகிட்ட ஏன் சொன்னே?”

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அழுதாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் வேலையிலிருந்து வந்து, “என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?” என்றார். அவள் ஷூவைக் கழற்றக் குனிந்துகொண்டாள்.

மூன்று வருடம். அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அக்காவிடம் நான் எதைத்தான் சொல்லவில்லை?

ஜூலை 23, புதன்

தலைமை ஆசிரியை நான் சொல்லி முடிக்கும் வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “உங்க பொண்ணை நான் கூப்பிட்டுப் பேசறேன். அந்தப் பொண்ணுக்கு பேட்ஜை நீங்கதான் குடுக்கணும். எல்லார் முன்னாலயும்” என்றார்.

கொடுத்தேன். இல்லக் கூட்டத்தில், தப்பு என்னுடையது, தலைவியின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொன்னேன். தலைவி பேட்ஜை வாங்கினாள். குத்திக்கொள்ளவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பாமல், ஆறாம் வகுப்பு வரிசையில் போய் வாலுவின் பக்கத்தில் நின்றாள்.

ஜூலை 24, வியாழன்

சுருட்டையின் வீடு மூன்றாவது மாடி. அவள் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “உங்களை நம்பித்தானே டீச்சர் புள்ள வாயைத் திறந்துச்சு” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நீல இல்லத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து சுருட்டையின் குரல் வந்தது:

“நான் ஏன் மாறணும்? நீங்க மாறுங்க.”

ஜூலை 28, திங்கள்

சிவப்போடு சேர்த்துப் பச்சை இல்லப் பொறுப்பும் இனி கணக்கு சாருக்கு. சாவியைக் கொடுத்தேன். “உள்ள நான் பார்க்கவே இல்ல மேடம், எப்பவுமே” என்றார். தெரியும் சார் என்றேன். உங்களையும் சந்தேகப்பட்டேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

சுருட்டை இன்று வந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இல்ல நேரத்தில் எனக்கு இப்போது வேலை இல்லை. ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தில் பச்சை இல்லம் எதற்கோ கைதட்டியது.

மணி அடித்ததும் வாசலில் சுருட்டை. கையில் ஆய்வுக் குறிப்பேடு. உள்ளே வராமல் கேட்டாள்: “மிஸ், இந்த உப்புக்கு ஏன் வீழ்படிவு வரல?”

அமிலம் அதிகமாகியிருக்கும், குறைத்துப் பார் என்றேன். தலையாட்டினாள். ஒரு நிமிடம் நின்றாள். எப்படி இருக்கிறாய், அம்மா எப்படி இருக்கிறார், யாராவது இன்னும் ஏதாவது சொல்கிறார்களா — எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. போய்விட்டாள்.

வீட்டில் இன்று, “ஸ்கூல்ல என்ன விசேஷம்?” என்றார் இவர்.

ஒன்றுமில்லை என்றேன்.