அடிமுடியில் திரும்ப வரும் சுருட்டை

என் சுருட்டைத்தலை நைனாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பதினாறாம் நாள் தம்பிக்கு மொட்டை அடித்தார்கள். "இனிமே சுருட்டையன் வீடுன்னு எவன்டா சொல்லுவான்?" என்று சித்தப்பா அவன் தலையைத் தடவினார். முடி முதலில் முள் மாதிரி வந்தது. பிறகு காதோரம் ஒரு வளையம். அதைப் பார்த்துவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். போட்டோவைப் பார்த்த பையனின் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. முடிய மட்டும் நேராக்கிட்டா நல்லாருக்கும்" என்றாராம். அம்மாவுக்கு அன்றிலிருந்து டென்ஷன். "ஒரு நாள் வேலைதானேடி. உங்க நைனா இருந்தா மட்டும் வேணாம்னா சொல்லுவாரு?" என்றாள். சொல்லியிருப்பாயா? தலை வாரும்போது நான் அழுதால், "சீப்புக்குத்தான் வலிக்குது, உனக்கில்ல" என்று சிரித்தவன் நீ.

திண்டிவனம் சாலையில் ஒரு மாடி பார்லர். கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மலைப் பாறைகள் தெரிந்தன. பார்லர் அக்கா விரலை விட்டுப் பார்த்து, "யப்பா, இன்னா முடி இது! யாரு குடுத்தது?" என்றார்.

"இவங்க நைனாதான். குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள் அம்மா.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் மட்டும் மருந்தைத் தடவிப் பார்த்தார். அழுகின முட்டை நாற்றம். அது கந்தகம். பள்ளியில் நான் எடுக்கிற பாடம்தான்.

முடி ஒரு புரதம், நைனா. அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. அவை இருபது வகைதான். எதற்குப் பக்கத்தில் எது என்பதை வைத்து ஒரு சங்கிலி முடியாகிறது, இன்னொன்று ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அவற்றில் சிஸ்டீன் என்பது முடியில் அதிகம். அதிலுள்ள கந்தகம் பக்கத்துச் சங்கிலியின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுருட்டையைச் சுருட்டையாகவே நிறுத்துவது அந்தப் பிடி. மருந்து அதை விடுவிக்கிறது. சூட்டில் நீட்டி, அடுத்த மருந்தால் நேராகவே மறுபடி பிடிக்க வைக்கிறார்கள். ஆனால் தோலுக்குள் இருக்கிற வேருக்கு இது எதுவும் தெரியாது. நீ கொடுத்தபடியே அது கட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். கற்றையும் அழகாகவே நேரானது. அப்போதுதான் அக்கா சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஒருக்கா அடிமுடிக்குப் போட்டுக்கணும்மா. இல்லன்னா மேல சுருட்டை, கீழ நேரு, பாக்க அசிங்கமா இருக்கும்."

ஒருமுறை என்றால் செய்திருப்பேன். நீ முளைக்க முளைக்க நான் வந்து உன்னை அழித்துவிட்டுப் போவதா? எழுந்துவிட்டேன்.

"இன்னாடி, பாதில எழுந்திரிக்கிற?"

"தம்பிக்குச் சுருட்டை திரும்ப வந்தப்ப நீ அழுதியேம்மா."

அம்மா பையை எடுத்துக்கொண்டாள். படி இறங்கும்போது அந்த நேரான கற்றையை என் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். இதே தலையோடு போய்க் காபி கொடுப்பேன். வேண்டாம் என்றால் போகட்டும். அந்த ஒரு கற்றையை வெட்ட மாட்டேன், நைனா. அதன் அடியில் நீ வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் முடியோடு,
உன் மூத்த மகள்