நீங்கள் தனியாகக் கையெழுத்திட்ட புகார்

அக்கா,

இன்று கெலுகோரில் ஒரு கடையில் பத்திரத்துக்கு நகல் எடுக்க நின்றபோது, பழைய தட்டச்சு இயந்திரத்தின் பக்கத்திலிருந்து கார்பன் தாள் வாசனை வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் நாம் ஒரே நீதிமன்றத்தில் வேலை பார்த்தோம். நீங்கள் தட்டச்சர், நான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். பத்து காவான் என்ற ஊரின் தோட்டத் தொழிலாளி ஒருவர், கங்காணியை வெட்டிய வழக்கில் கூண்டில் நின்றார். "அவருதான் கத்திய ஓங்குனாரு, நான் புடுங்குனேன்யா" என்றார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். நீதிபதி எழுதிக்கொண்டார். எட்டு மாதச் சிறை.

மேல்முறையீட்டுக்காக நீதிபதியின் கைக்குறிப்பைத் தட்டச்சு செய்தபோது நீங்கள் கவனித்தீர்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு மையில் இருந்தது. அதில் கத்தியை ஓங்கியவர் தொழிலாளியே என்று எழுதியிருந்தது. விசாரணை முடிந்த அன்று நீங்கள் அடுக்கி வைத்த தாள்களில் அந்தப் பக்கம் இல்லை.

"தம்பி, அந்த ஆள் என்ன சொன்னவர்?"

"புடுங்குனேன்னுதான் சொன்னாரு."

"அதை எழுதிக் கையெழுத்து வைப்பீரோ?"

"யாருகிட்டக்கா கொடுக்கிறது? அவருதான் ஜட்ஜ் லா."

"ஜட்ஜ் எண்டால் ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லையோ?"

மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். குடியிருந்ததோ அரசாங்க வீடு. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் உங்கள் மேசைப் பக்கமே வரவில்லை. நீங்கள் தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள்.

மேலே போன புகார், விளக்கம் கேட்டு அதே நீதிபதியின் மேசைக்கே இறங்கி வந்தது. இருவரையும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்த ஆள் என்ன சொன்னான் என்று என்னிடம் மட்டும் கேட்டார். உங்களை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஞாபகம் இல்லை, துவான்" என்றேன்.

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியானது. உங்களை எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். நீங்கள் வேலையை விட்டீர்கள். கடைசி நாள் என் தோளைத் தொட்டு, "பிள்ளை பிறந்தால் சொல்லும்" என்றீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பதவி உயர்ந்து போனார். நான் அதே கூண்டுக்குப் பக்கத்தில் இன்னும் பதினோரு வருடம் நின்றேன். சாட்சி வாய் திறந்தால் என் கண் முதலில் நீதிபதியின் பேனாவுக்குப் போகும்.

சொல்லாமல் விட்டது இதுதான். விடுதலையான பிறகு அந்தத் தொழிலாளியைப் பசாரில் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், அவர் கூப்பிட்டுவிட்டார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான்யா எடுத்துச் சொன்னீங்க. எனக்குத்தான் ஒழுங்கா பேசத் தெரியல. ஏதோ மாத்திச் சொல்லிட்டேன் போல."

இல்லை, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே நீதிபதி இல்லை, கதவு இல்லை, கேட்க யாருமே இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன், அக்கா.